‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்றவருக்குக் கைதட்டல் விழுந்தது: அந்த இடத்தில் கட்டியங்காரன் என்ன செய்திருக்க வேண்டும்?

தெருமுனை
ஞாயிறு, இரவு 11.20

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் அரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் நாடகம் போடும் சிறு குழு எங்களுடையது. ஏழு பேர். மூவர் பெண்கள். இந்த ஆண்டு கையில் எடுத்திருப்பது வீட்டுக்குள் நடக்கும் அடி உதை.

கதை சின்னது. மல்லிகா மகளிர் குழுவில் கடன் வாங்கி, கணவனைக் கேட்காமல் மகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டிவிடுகிறாள். இரவு அவன் வருகிறான், பணம் எங்கே என்கிறான், அடிக்கிறான். பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது, பிறகு அணைகிறது. மறுநாள் அவள் தாய்வீட்டுக்குப் போகிறாள். அண்ணன் சோறு போட்டு, பொழுது சாயும் முன் பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுகிறான். அத்துடன் நாடகம் நின்றுவிடும். பிறகு கதையை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் கூட்டத்தைப் பார்த்துக் கேட்பான்: “இதை எந்த இடத்தில் தடுத்திருக்கலாம்? இங்கே வந்து செய்து காட்டுங்கள்.” கட்டியங்காரன் வேடம் என்னுடையது.

நேற்று ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா எழுந்து வந்தார். மல்லிகாவின் துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். கணவன் கத்தியபடி வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மீதிப் பணத்தை எடுத்து அவன் கையில் வைத்தார், தட்டைப் போட்டார். எங்கள் நடிகருக்கு அடிக்கக் காரணமே இல்லாமல் போய்விட்டது. உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மா கூட்டத்தின் பக்கம் திரும்பி, “அடிக்கிற கைதான் அணைக்கும். நாம் வாயைக் கட்டினால் வீடு அடங்கும்” என்றார். கைதட்டல் அதிர்ந்தது. ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம் தட்டினார்கள். முன்வரிசையில் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, அவளும் தட்டினாள்.

எனக்கு நா எழவில்லை. நன்றி சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வரும்போது வண்டியில் யாரும் பேசவில்லை. அந்தச் சிறுமிக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவா இவ்வளவு தூரம் போனோம்?

மறுத்துப் பேசியிருக்கலாம். ஆனால் முப்பது ஆண்டுகள் அப்படி வாழ்ந்து, தன் பிள்ளைகளை அப்படிக் காப்பாற்றியவராக அவர் இருக்கக்கூடும். மைக் பிடித்த நான் அவரை எல்லோர் முன்னாலும் முட்டாளாக்க முடியுமா? இந்த நிலையைச் சந்தித்தவர்கள் சொல்லுங்கள்.


சேலத்துக்காரன்
திங்கள், காலை 7.05

உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனாலும் மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் அடி விழும் வீடுகளை எண்ணிச் சொல்ல முடியும். எல்லாம் குடி. கடையை மூடினால் பாதிப் பிரச்சினை தீரும். அரை மணி நேர நாடகம் பார்த்து எந்தக் குடிகாரன் திருந்துவான்? கூட்டத்துக்கே அவன் வரமாட்டான். வந்தாலும் அது தன்னைப் பற்றியது என்று நினைக்கமாட்டான்.


வழக்குரை
திங்கள், காலை 9.40

சேலத்து நண்பருக்கு. குடியைப் பற்றி நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், அடிக்கடி போதையில் வரும் கணவன் உள்ள பெண்களில் 70 சதவீதத்தினர் வன்முறையைச் சந்தித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் குடிக்கவே குடிக்காத கணவன் உள்ள பெண்களிலும் 23 சதவீதத்தினர் அதையே சொன்னார்கள். ஏறத்தாழ நான்கு வீட்டில் ஒன்று. அந்த வீடுகளில் எந்தக் கடையை மூடுவது? குடித்துவிட்டு காவல் ஆய்வாளரையோ முதலாளியையோ அடிப்பதில்லை, வீட்டுக்கு வந்துதான் கை நீளுகிறது. யாரை அடித்தால் கேள்வி வராது என்பது போதையிலும் தெரிகிறது.

அதே கணக்கெடுப்பில் என்னைத் தூங்கவிடாத எண் வேறொன்று. அடிபட்ட பெண்களில் 77 சதவீதத்தினர் எவரிடமும் உதவி கேட்கவில்லை, எவரிடமும் சொல்லக்கூட இல்லை. வழக்கறிஞரான என் அலுவலகப் படியேறி வருபவர்கள் மீதியிலும் மீதி. சொல்லாதவர்கள் உட்கார்ந்திருக்கும் இடம் உங்கள் நாடகக் கூட்டம். அதனால்தான் அரை மணி நேரம் சின்னது என்று எனக்குத் தோன்றவில்லை.

தெருமுனைக்கு ஒரு கேள்வி. நாடகம் முடிந்து வண்டி கிளம்பிய பிறகு அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? ஒரு பெண் கூட்டத்தில் எழுந்து, “என் வீட்டிலும் இப்படித்தான்” என்று சொல்லிவிட்டால் அன்றிரவு அவள் எங்கே படுப்பாள்? இதற்குப் பதில் இல்லாமல் வாயைத் திறக்கச் சொல்லக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.


பழைய கலைப்பயணி
திங்கள், பிற்பகல் 3.15

அம்மா தெருமுனை, உங்கள் மாவட்டத்தில் நாங்களும் தெருத்தெருவாக ஆடிப் பாடியவர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1990களில் தருமபுரி, சேலம், உசிலம்பட்டிப் பக்கங்களில் பிறந்த பெண் குழந்தையைக் கொல்வது பற்றி நாடே பேசியது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசின் தொட்டிலில் விட்டுச் செல்லலாம் என்று 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தது. ‘பச்ச மண்ணு’ என்ற நாடகத்தை நாடக இயக்குநர் அ. மங்கை இயக்கினார். ஒரு பெண்ணின் பிறப்பு முதல் நடக்கும் சடங்குகளை வரிசையாகக் காட்டி, இந்தச் செலவும் சுமையும் எங்கே போய் முடிகின்றன என்று கேட்ட நாடகம் அது. 1990களின் கடைசியில் டென்மார்க் உதவியுடன் நடந்த சுகாதாரத் திட்டத்தின் கீழ் தருமபுரி மாவட்டத்தில் கலைப்பயணம் புறப்பட்டது. அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் பழகிய வடிவம்தான். உள்ளூர் இளைஞர்களையும் பெண்களையும் சேர்த்துப் பயிற்சி கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார்கள்.

நான் இருந்த குழுவில் முதலில் நாங்கள் செய்த தவறைச் சொல்கிறேன். மாமியாரை அரக்கியாக்கி, தாயைக் கல்நெஞ்சக்காரியாக்கிப் பாட்டுப் பாடினோம். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். நாடகம் முடிந்ததும் பேசாமல் எழுந்து போனார்கள். மனம் மாறிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஓர் ஊரில் ஒரு பாட்டி என் கையைப் பிடித்து நிறுத்தினார். “முதல் பெண்ணை யாராவது கொன்றோமா? சீராட்டித்தானே வளர்த்தோம். இரண்டாவதும் பெண், மூன்றாவதும் பெண் என்றால் அதற்கு நகை போட யார் இருக்கிறார்கள்? நீ போடுவாயா?” என்றார். என்னிடம் பதில் இல்லை. ஆனால் நாடகத்தை மாற்ற அதுவே வழி காட்டியது. அதன் பிறகு அந்தப் பாட்டியின் கேள்வியையே மேடையில் வைத்தோம். தலைகள் நிமிர்ந்தன. ஆண்களிடம் கேள்வி போனது. வரதட்சணை வாங்கியவன், வாங்கப் போகிறவன் எல்லாம் கூட்டத்தில்தானே உட்கார்ந்திருந்தான்.

உங்கள் ஊர் அம்மாவும் ஒரு கேள்வியைத்தான் வைத்திருக்கிறார். ‘வாயைத் திறந்தால் என்னைக் காப்பாற்ற இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?’ என்பதுதான் அந்தக் கேள்வி. அதை அவர் பழமொழியாகச் சொன்னார். அவ்வளவுதான்.

எங்கள் வேலையின் பலனைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாடகம் மட்டும் எதையும் நிறுத்தவில்லை. கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் கர்ப்பிணிகளை வீடு வீடாகப் பின்தொடர்ந்தார்கள். கூட்டங்கள் நடந்தன, வழக்குகள் நடந்தன. அப்படியும் 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். ஸ்கேன் பரவியபோது, பிறந்த பின் நடந்த கொலை கருவிலேயே நடக்கத் தொடங்கியது. இருந்தாலும் ஒன்றை என் கண்ணால் பார்த்தேன். மூடிய வீட்டுக்குள் இருந்த விஷயத்தை ஊர் தன் வாயால் பேச ஆரம்பித்தது. அதற்கு முன் பேசவில்லை.


ஹூக்ளிக்கரை
திங்கள், இரவு 9.50

கொல்கத்தாவில் இருபது ஆண்டுகளாக வசிக்கிறேன். இங்கே சுந்தரவனப் பகுதியில் 1985இல் சஞ்சய் கங்குலி தொடங்கிய ஜன சன்ஸ்கிருதி என்ற நாடகக் குழுவின் நாடகங்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நடிப்பவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர் விவசாயக் கூலிகள். ‘சோனார் மேயே’ என்ற நாடகம் பெண் பிறந்த வீடு, பெண் பார்க்கும் படலம், வரதட்சணை, புகுந்த வீடு என்று போகும். முடிவு சொல்லாமல் நிறுத்துவார்கள். பிறகு நீங்கள் செய்வதைப் போலவே அழைப்பார்கள்.

இந்த முறையை வகுத்தவர் பிரேசில் நாட்டு அகஸ்தோ போவால். இது பிறந்த கதையே ஒரு பெண்ணின் கதை. தெருமுனைக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன். 1973இல் பெரு நாட்டில் எழுத்தறிவு இயக்கத்தில் அவர் வேலை செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணிடம் கணவன் சில தாள்களைக் கொடுத்து, முக்கியமான பத்திரங்கள், பத்திரமாக வை என்கிறான். படிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துச் சொல்கிறாள், அவை அவனுடைய காதலி எழுதிய கடிதங்கள். இதை நாடகமாக்கி, இவள் என்ன செய்யலாம் என்று பார்வையாளரைக் கேட்டு, அவர்கள் சொன்னதை நடிகை நடித்துக் காட்டினார். கூட்டத்திலிருந்த ஒரு பெண், “அவனோடு தெளிவாகப் பேச வேண்டும், பிறகு மன்னிக்கலாம்” என்றார். நடிகை பேசிப் பார்த்தார். இல்லை, இன்னும் தெளிவாக. மறுபடியும் பேசினார். இல்லை. பொறுமை இழந்து, நீங்களே வந்து காட்டுங்கள் என்றார் போவால். அந்தப் பெண் மேலே ஏறித் துடைப்பத்தை எடுத்துக் கணவனாக நடித்தவரைப் போட்டு அடித்தார். தெளிவாகப் பேசுவது என்றால் அவருக்கு அதுதான் பொருள்! பார்ப்பவர் சொன்னதை நடிகர் நடிப்பது போதாது, பார்ப்பவரே வந்து நடிக்க வேண்டும் என்று போவால் கண்டுகொண்டது அப்படித்தான்.

ஆகவே வருபவரை மறுத்துப் பேச வேண்டாம். ‘இது நிஜத்தில் நடக்குமா?’ என்று கூட்டத்தைக் கேளுங்கள். உங்கள் நடிகர் சாப்பிட உட்கார்ந்தது சரி. மறுநாள் பணம் தீர்ந்த பிறகு அவன் வருவதையும் நடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். அந்த அம்மாவே அதற்கு என்ன செய்கிறார் என்று ஊர் பார்த்திருக்கும்.

இன்னொன்று. இவர்கள் ஓர் ஊருக்கு ஒரு முறை போய்விட்டு நிறுத்துவதில்லை. அதே நாடகத்தை அதே ஊரில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். முதல் முறை வெட்கம், இரண்டாம் முறை வாதம், மூன்றாம் முறைதான் யோசனை. பல ஆண்டுகள் இவர்கள் வேலை செய்த ஊர்களை மற்ற ஊர்களுடன் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுக் கட்டுரை ஒன்றை உலக வங்கி 2021இல் வெளியிட்டது. இந்த ஊர்களில் மனைவியை அடிப்பது குறைவாக இருந்தது என்பதுதான் அதன் முடிவு. ‘பல ஆண்டுகள்’ என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.


தெருமுனை
செவ்வாய், காலை 6.30

எல்லோருக்கும் நன்றி. மறுநாள் காட்சியை நடிக்க வைப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் இந்த முறையில் என்னை உறுத்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பயிற்சியில் சொல்லித்தந்த விதி இதுதான்: அடிப்பவனின் இடத்தில் யாரும் போய் நிற்கக்கூடாது. அவன் திடீரென்று நல்லவனாகிவிட்டால் அது மந்திரம், தீர்வாகாது. ஒடுக்கப்பட்டவரின் இடத்தில்தான் போய் நின்று வழி தேட வேண்டும். நிலக்கூலி, கந்துவட்டி என்றால் சரியான விதி. இங்கே? அடிபட்டவளை மட்டும் மாற்றி மாற்றி நடித்தால், ‘நீ இப்படிச் செய்திருந்தால் அடி விழுந்திருக்காது’ என்ற பாடம்தானே ஊருக்குப் போகிறது? அந்த அம்மா எங்கள் விதியை மீறவில்லை. விதி கேட்டதைத்தான் செய்தார். எங்கள் கேள்விதான் கோணலோ என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

வழக்குரை அக்கா, நீங்கள் கேட்டதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கடைசியில் பெண்களுக்கான உதவி எண் 181ஐச் சொல்லிவிட்டு வருகிறோம். அவ்வளவுதான்.


கூத்தாடி மகன்
செவ்வாய், காலை 11.10

உங்கள் கேள்வி கோணல்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள். கூத்தில் வளர்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் துகிலுரிதல் கூத்து விடிய விடிய நடக்கும். துச்சாதன வேடக்காரர் கற்பூரம் ஏற்றி வணங்கி மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் சேலையில் கை வைப்பார். சிறுவயதில் அந்த இரவில் நான் பாஞ்சாலியையும் துச்சாதனனையும்தான் பார்ப்பேன். என் தகப்பனார் ஒரு நாள் கேட்டார்: “சபையில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தாயா?” அதன் பிறகு எனக்குக் கூத்தே மாறிப்போனது. பீஷ்மர் இருக்கிறார், துரோணர் இருக்கிறார், ஐந்து கணவன்மார் இருக்கிறார்கள். பாஞ்சாலி வாயை மூடிக்கொண்டா இருந்தாள்? ‘தன்னைத் தோற்ற பிறகு என்னை வைத்து ஆட அவருக்கு என்ன உரிமை?’ என்று சட்டக் கேள்வியே கேட்டாள். சபை பதில் சொல்லவில்லை. கௌரவர்களில் ஒருவனான விகர்ணன் மட்டும் எழுந்து, இது அநியாயம் என்றான். அவனையும் அதட்டி உட்கார வைத்தார்கள்.

பாஞ்சாலி என்ன செய்திருக்கலாம் என்று எந்தக் கட்டியங்காரனும் கேட்கமாட்டான். அவள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாள். உங்கள் மல்லிகாவும் செய்துவிட்டாள். கடன் வாங்கி மகளைப் படிக்க வைத்தாள், தாய்வீட்டுக்குப் போனாள். இன்னும் அவளிடமே போய் என்ன கேட்கிறீர்கள்? விளக்கை அணைத்தவரைக் கேளுங்கள். பஸ் ஏற்றிவிட்ட அண்ணனைக் கேளுங்கள். உங்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். அவர்களில் ஒரு விகர்ணன் எழுந்து ஒத்திகை பார்க்கட்டும்.

இன்னொன்று, கட்டியங்காரனுக்கு நம் மரபில் வாய் உண்டு. ராஜாவையே மடக்கிக் கேட்பவன் அவன். பயிற்சியில் சொல்லித்தந்தார்கள் என்பதற்காக மேற்கத்திய நடுவர் மாதிரிக் கைகட்டி நிற்காதீர்கள்.


வாவிக்கரை
செவ்வாய், மாலை 5.45

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். கூத்தாடி மகன் சொன்னதை வாசித்ததும் எங்கள் ஊர் அனுபவத்தையும் சொல்லத் தோன்றியது.

இங்கே சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 1990களிலிருந்து இயங்குகிறது. யுத்தத்தால் இடம்பெயர்ந்த பெண்களுடன் தொடங்கிய வேலை. அதன் கலாசாரக் குழுவினர் நாடகமும் பாட்டுமாகக் கிராமங்களுக்குப் போவார்கள். பெண்கள் பறை எடுத்து அடித்துக்கொண்டு ஊருக்குள் வந்தபோது நாடகம் தொடங்கும் முன்பே அரைவாசிக் கதை நடந்து முடிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன். அதேபோல 2002இலிருந்து சீலாமுனையில் நாடகக்காரர் ஜெயசங்கரும் ஊர் மக்களும் சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கத்தில், பழைய கூத்துப் பாடல்களில் பெண்ணை இழிவாகப் பேசும் வரிகளை என்ன செய்வது என்று கூத்துப் பழக்கும் அண்ணாவியார்களும் ஊராரும் இருந்து விவாதித்தார்கள். வெளியிலிருந்து யாரும் திருத்திக் கொடுக்கவில்லை. தாங்கள் பரம்பரையாகப் பாடிய வரியைத் தாங்களே நிறுத்திக் கேட்டார்கள். அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

எங்களிடமும் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, பெண்கள் உதவிக்கு 1938 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. ஆனால் பொலிஸ் நிலையத்துக்குப் போனால் “சமாதானமாகப் போங்கோ” என்று அனுப்பிவிடுவார்கள் என்று பெண்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, எந்த நாடகத்தையும் போட முன்னர் அந்தக் கிராமத்தில் உள்ள பெண்கள் சங்கத்தோடு இரண்டு மூன்று தரம் இருந்து கதைப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. நாடகம் போன பிறகு ஊரில் நிற்கப் போவது அவர்கள்தான். அவர்கள் தயார் இல்லை என்றால் நாங்கள் பறையை எடுப்பதில்லை.

பெண்கள்மீதான வன்முறைக்கு எதிரான பதினாறு நாள் இயக்கம் நடக்கும் நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை எல்லாரும் எங்களைக் கூப்பிடுவார்கள். ஒரு நாளில் மூன்று ஊர் போகச் சொல்வார்கள். இப்போது மறுத்துவிடுகிறோம். ஒரு மாதத்தில் ஓர் ஊர் போதும்.


வழக்குரை
செவ்வாய், இரவு 8.30

கூத்தாடி மகன் சொன்ன விகர்ணனுக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. தெருமுனை இதை நாடகத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

இந்தியாவின் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, வன்முறை நடந்தது, நடக்கிறது, நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் உள்ள எவரும், இந்தச் சட்டத்துக்காக அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. நல்லெண்ணத்தில் சொன்னவர்மீது சிவில் பொறுப்போ குற்றப் பொறுப்போ வராது. ‘எதற்கு வம்பு, நாளை என்னைக் கோர்ட்டுக்கு இழுப்பார்கள்’ என்று விளக்கை அணைக்கும் பக்கத்து வீட்டாருக்கு இது தெரியாது.

அண்ணனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தாய்வீட்டில் இடமில்லை என்பதால்தானே திருப்பி அனுப்புகிறான்? 17ஆம் பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும் கூட்டாக வாழ்ந்த அந்த வீட்டில் வசிக்க அவளுக்கு உரிமை தருகிறது. அடிக்கிறவனை விலகி இருக்கச் சொல்லி உத்தரவு வாங்கலாம். மனு கொடுத்தால் முதல் விசாரணை வழக்கமாக மூன்று நாளுக்குள் வர வேண்டும், அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கிறது, மறைக்கமாட்டேன். ஆனாலும் ‘அடி வாங்கு, இல்லாவிட்டால் தெருவுக்குப் போ’ என்ற இரண்டு வழி மட்டும்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பது பொய்.

மாவட்டத்தில், வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. அங்கே வேலை செய்பவர் ஒருவரையோ பாதுகாப்பு அலுவலரையோ நாடகத்துக்கு அழைத்து வாருங்கள். மேடையில் ஏற்றாதீர்கள். கூட்டத்தில் ஒருவராக உட்காரட்டும். நாடகம் முடிந்த பின் தண்ணீர்ப் பானை அருகே நின்றால் போதும். பேச வேண்டியவர்கள் அங்கே வருவார்கள்.


முதலாம் ஆண்டு
செவ்வாய், இரவு 10.15

கல்லூரி நாடகக் குழுவில் அடிக்கும் கணவனாக நடிக்கிறேன். ஒரு சந்தேகம். நான் கை ஓங்கும்போது பின்வரிசைப் பையன்கள் விசில் அடிக்கிறார்கள். ஒரு முறை ‘இன்னும் ஒன்று போடு’ என்று கத்தினார்கள். கீழே விழுந்த தோழி எழுந்த பிறகு என்னோடு இயல்பாகப் பேசினாள், எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடியைக் காட்டாமல் இந்த நாடகத்தை எப்படிப் போடுவது?


தெருமுனை
புதன், காலை 6.00

தம்பி, அடியைக் காட்டவே காட்டாதீர்கள். நாங்களும் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். இப்போது கணவன் உள்ளே போனதும் மல்லிகாவும் அவனும் கூட்டத்துக்கு முதுகு காட்டி அசையாமல் நின்றுவிடுவார்கள். ஓர் அலுமினியக் குண்டானை மண்ணில் உருட்டிவிடுவோம். அது உருண்டு ஆடி ஓயும்வரை யாரும் பேசுவதில்லை. அந்தச் சத்தம் எல்லோருக்கும் தெரிந்த சத்தம். விசில் வந்ததே இல்லை. ஒத்திகை முடிந்ததும் நீயும் அந்தத் தோழியும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பாத்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். எங்கள் குழுவில் இதை விடுவதில்லை.


தெருமுனை
மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 11.50

அதே ஊருக்கு மீண்டும் போய்வந்தோம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வாவிக்கரை சொன்னபடி முன்னதாக இரண்டு முறை மகளிர் குழுவினரோடு உட்கார்ந்து பேசினோம். இரவு நேரம் வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள். இரவில் ஆண்கள் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள், தாங்கள் இருட்டில் நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது என்றார்கள். அதனால் முதலில் நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெண்களுக்கு மட்டும் போட்டோம். போன ஞாயிறு மாலை ஊருக்குள், எல்லோருக்கும். எந்த இடத்தில் போடுவது என்பதிலும் பேச்சு நடந்தது. கோயில் வாசலில் போட்டால் காலனிப் பெண்கள் வரமாட்டார்கள். போன முறை அதை நாங்கள் கவனிக்கவே இல்லை. இந்த முறை இரண்டு தெருவுக்கும் பொதுவாக இருக்கும் பள்ளி மைதானம்.

கேள்வியை மாற்றிவிட்டோம். குண்டான் உருண்டு ஓய்ந்ததும் நான் மல்லிகாவின் வீட்டுப் பக்கமே திரும்பவில்லை. விளக்கு அணைந்த வீட்டைக் காட்டி, “இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? உங்களுக்குக் கேட்டதா, கேட்கவில்லையா?” என்றேன். சிறிது நேரம் அமைதி. பிறகு ஓர் இளைஞர் வந்து கதவைத் தட்டி, “வெளியே வாடா” என்றார். கணவனாக நடித்தவர், “என் பெண்டாட்டியை நான் அடிக்கிறேன். உனக்கும் அவளுக்கும் என்ன?” என்று கேட்டார். இளைஞர் திகைத்து நின்றுவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தில் அவருடைய பேரும் அவளுடைய பேரும் சேர்ந்து கெட்டுவிடும் என்று கூட்டம் முழுவதற்கும் புரிந்தது. தனியாக ஓர் ஆண் போகக்கூடாது என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அப்போது எழுந்தவர் அதே அம்மா. ஆமாம், அவரேதான். பக்கத்து வீட்டுக்காரியின் இடத்துக்கு வந்தார். கையில் ஒரு கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கதவைத் தட்டி, “மல்லிகா, கொஞ்சம் உறைமோர் இருக்கிறதா?” என்றார்.

கூட்டம் சிரித்தது. ஒரு பெண், “ராத்திரி பத்து மணிக்கு யாராவது உறைமோர் கேட்பார்களா? அவனுக்குத் தெரிந்துவிடாதா?” என்று கேட்டார். அந்த அம்மா திரும்பி நிதானமாகச் சொன்னார்: “தெரியட்டும். எங்களுக்குக் கேட்டது என்று அவனுக்குத் தெரியட்டும். அதற்குத்தான் தட்டுகிறேன்.”

நான் கட்டியங்காரனாக ஒன்றே ஒன்று கேட்டேன். மறுநாளும் அடித்தால்? “மறுநாள் இவள் வந்து தீப்பெட்டி கேட்பாள்” என்று பக்கத்தில் இருந்தவரைக் கையைப் பிடித்து இழுத்தார். மூன்றாவது நாளுக்கு ஒருவர், நான்காவது நாளுக்கு ஒருவர் என்று ஆறு பெண்கள் வரிசையாக வந்து நின்றுவிட்டார்கள். கணவனாக நடித்தவர் கதவைத் திறந்துகொண்டே இருந்தார், முடியவில்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

வழக்குரை அக்கா சொன்ன 4ஆம் பிரிவை அந்த இடத்தில் சொன்னேன். ஒரு பெரியவர் நம்பவில்லை. பெயர் வெளியே வராதா, வழக்கு வராதா என்று மூன்று முறை கேட்டார். சேவை மையத்திலிருந்து வந்திருந்தவர் எழுந்து பதில் சொன்னார். பிறகு பானை அருகே நின்றார். யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, பார்க்கவும் இல்லை. அந்தப் பக்கம் முதுகு காட்டித் திரையைச் சுருட்டிக்கொண்டிருந்தோம்.

அண்ணன் காட்சி சரியாக வரவில்லை. அண்ணன் இடத்துக்கு ஓர் ஆண்கூட எழுந்து வரவில்லை. நான்கு முறை கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த மௌனத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.


பழைய கலைப்பயணி
ஞாயிறு, காலை 8.20

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை, அம்மா.

அண்ணன்கள் எழுந்து வராததற்குக் காரணம் இருக்கும். தங்கைக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்த கடன் இன்னும் தீராமல் இருப்பான். அவள் திரும்பி வந்துவிட்டால் அந்தக் கடனுக்கு என்ன அர்த்தம் என்று நினைப்பான். நாடகத்தில் அவன் வீட்டுக் காட்சிக்கு இரண்டு நிமிடம்தானே கொடுத்திருக்கிறீர்கள்? அவன் மனைவி என்ன சொல்கிறாள், அடகுச் சீட்டு எங்கே இருக்கிறது, அதையும் காட்டுங்கள். அடுத்து எப்போது போகிறீர்கள்?


தெருமுனை
ஞாயிறு, காலை 9.05

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு, ஐயா. அண்ணன் வீட்டுக் காட்சியை இன்று மாலையே எழுதத் தொடங்குகிறோம். அடகுச் சீட்டை அவன் எங்கே வைத்திருப்பான்? சாமி படத்துக்குப் பின்னாலா?


பழைய கலைப்பயணி
ஞாயிறு, காலை 9.12

சாமி படத்துக்குப் பின்னால்தான். நான் பார்த்த வீடுகளில் எல்லாம் அங்கேதான் இருந்தது. எழுதி முடித்ததும் கூப்பிடுங்கள், ஒத்திகைக்கு வருகிறேன்.